‘கோவை மாவட்டத்தில் மழை’ என்றால் கருமத்தம்பட்டியில் குடை எடுக்கணுமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டியில் காலையிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்னைக்கு மழை வருமாங்க?”

பைக்கில் பீளமேட்டுக்கோ சரவணம்பட்டிக்கோ வேலைக்குப் போகிறவருக்கு ரெயின்கோட் எடுக்கணுமா என்று தெரிய வேண்டும். களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டவருக்கு, சாயங்காலம் தார்ப்பாய் மூடணுமா என்று தெரிய வேண்டும். மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்கக் காத்திருப்பவரின் கேள்வி இன்னும் பெரிது. இந்த வாரமே விதைக்கலாமா, இல்லை அடுத்த வாரம் வரை பொறுக்கணுமா?

போனைத் திறந்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு.’ அந்த ‘ஓரிரு இடம்’ வால்பாறையா, மேட்டுப்பாளையமா, சோமனூரா? அது செய்தியில் இருக்காது.

மாவட்டம் முழுமைக்கும் ஒரே வரியில் சொல்லும் முன்னறிவிப்பு, வருடத்திலேயே மிகக் குறைவாகப் பயன்படுவது இந்த ஆறேழு வாரங்களில்தான். விதைப்புக்கும் தொழிலுக்கும் சரியான தகவல் அதிகம் தேவைப்படுவதும் இதே வாரங்களில்தான். வட்டார அளவில் தகவல் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், மக்கள் தினமும் பார்க்கிற திரைக்கு அது வந்து சேர்வதில்லை. இதை மாற்றுவதற்குப் புது விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

இங்கே ‘கோல்டு ஃப்ரண்ட்’ வராது

வெளிநாட்டு வானிலை ஆப்களையும் யூடியூப் சேனல்களையும் பார்ப்பவர்களுக்கு ‘கோல்டு ஃப்ரண்ட்’ என்ற சொல் பழகியிருக்கும். குளிர்ந்த, கனமான காற்றுத் திரள் ஒன்று வெதுவெதுப்பான காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னேறும்போது, இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அது. அந்த எல்லை ஒரு ஊரைக் கடக்கும்போது மழை கொட்டும், காற்றின் திசை மாறும். அடுத்த சில மணி நேரத்தில் வெப்பநிலை சட்டென்று இறங்கி, வானம் தெளிந்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர் காலம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தக் கருத்தை முதலாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் வடிவமைத்தவர்கள் நார்வேயின் பெர்கன் நகரில் இருந்த வானிலையாளர்கள். வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அவரது மகன் ஜேக்கப் பியர்க்னெஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். போர்முனைக்குச் சொல்லும் ‘ஃப்ரண்ட்’ என்ற சொல்லையே காற்றுத் திரள்கள் மோதும் எல்லைக்கும் வைத்தார்கள்.

இந்தக் கதை கொங்கு மண்டலத்துக்குப் பொருந்தாது. மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் குளிர்காலத்தில் வட இந்தியாவைக் குளிரவைக்கின்றன. அவற்றோடு சேர்ந்த குளிர்முனை எதுவும் தமிழ்நாடு வரை இறங்குவதில்லை. இங்கே பருவம் மாறுவதை வெப்பநிலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் நடுவே தெர்மாமீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. மாறுவது காற்றின் திசை.

ஆடிக்காத்து அடங்கினால் என்ன நடக்கும்?

‘ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழிக்குக் கொங்கு நாட்டில் ஒரு புவியியல் காரணமும் உண்டு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டு மலைத்தொகுதிகளுக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி நிற்காமல் இந்த வாசல் வழியாகப் பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். மே முதல் செப்டம்பர் வரை அவற்றுக்கு சீசன்.

காற்று இவ்வளவு வந்தாலும் மழை அந்த அளவுக்கு வருவதில்லை. ஈரத்தில் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கேரளத்தில் ஜூன், ஜூலையில் ஆறுகள் நிரம்பி ஓடும்போது கருமத்தம்பட்டியில் தூறல் மட்டும் விழும். சூலூர், பல்லடம், அவிநாசி எல்லாமே இந்த மழை மறைவுப் பகுதிக்குள் வருகின்றன.

செப்டம்பர் இரண்டாம் பாதியில் இந்த மேகாத்து தளர ஆரம்பிக்கும். இந்திய வானிலை ஆய்வு மையக் கணக்கின்படி, தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானில் இருந்து விலகத் தொடங்கும் இயல்பான தேதி செப்டம்பர் 17. நாடு முழுவதிலும் இருந்து விலகி முடிக்கும் இயல்பான தேதி அக்டோபர் 15. அதன் பிறகு கிழக்குக் காற்று நிலைபெற்று, வடகிழக்குப் பருவமழை தொடங்க வேண்டும். அதற்கு இயல்பான தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். ஒன்று போய் மற்றொன்று வருவதற்கு நடுவே இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2024-ல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 15-ல் நடந்தன.

அடுத்த சில வாரங்கள் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு வருடமும் தேதிகள் முன்பின் நகரும். ஆனாலும் இந்தப் பருவ மாற்றத்தை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் கட்டம், காற்று குறைந்து புழுக்கம் கூடும் நாட்கள். காலையில் நல்ல வெயில் அடிக்கும். தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, மதியத்துக்குப் பிறகு மேகம் திரளும். சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு மழை பெய்யும். செய்திகளில் வரும் ‘வெப்பச்சலன மழை’ இதுதான். ஒரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அது பிறந்து, கொட்டி, கலைவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். அதனால்தான் சோமனூரில் சாலையில் தண்ணீர் ஓடும்போது கருமத்தம்பட்டியில் மண்வாசனை மட்டும் வருகிறது.

இரண்டாம் கட்டம், கிழக்குக் காற்று உள்ளே வரத் தொடங்கும் நாட்கள். மழை கொஞ்சம் பரவலாகும். சாயங்காலம் என்ற கணக்கு மாறி, அதிகாலையிலும் பெய்யலாம்.

மூன்றாம் கட்டம் ஐப்பசி அடைமழை. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கொங்கு மண்டலத்தின் மழை அமையும். அது தமிழகத்தின் குறுக்கே மேற்கு நோக்கி நகர்ந்தால் உள் மாவட்டங்களுக்கு நல்லது. ஆந்திரா, ஒடிசா பக்கம் திரும்பிவிட்டால் ஈரத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது கோவையில் சில நாட்கள் வெயில்தான். ‘வங்கக்கடலில் புயல்’ என்று தலைப்பு வந்தாலே இங்கே மழை வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

‘ஓரிரு இடங்கள்’ என்றால் எத்தனை இடம்?

வானிலை அறிக்கையில் வரும் சொற்கள் ஏனோதானோ என்று எழுதப்படுபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரையிலான இடங்களில் மழை பெய்தால் அது ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘ஒருசில இடங்கள்’. அதற்கு மேலே போகப் போக ‘பல’, ‘பெரும்பாலான’ என்று சொல் மாறும்.

அளவுக்கும் கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதைத் தாண்டினால் அதி கனமழை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாளாகக் கணக்கிடப்படும்.

அதாவது ‘கோவை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்ற அறிக்கை சரியாகவே பலித்தாலும், மாவட்டத்தின் முக்கால்வாசி இடங்களில் கனமழை பெய்திருக்காது. அறிக்கை தயாரித்தவருக்கு இது தெரியும். போனில் ‘கோவைக்கு ஆரஞ்சு அலர்ட்’ என்ற நான்கு சொற்களுக்கும் குறைவான தலைப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அவரிடம் வந்து சேர்வதற்குள் ‘ஓரிரு இடங்களில்’ என்பது உதிர்ந்துவிடுகிறது. இதில் செய்தித் தளங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஒரே மாவட்டம், இரண்டு வானிலை

கோவை மாவட்டத்தின் பரப்பு 4,723 சதுர கி.மீ. அதன் தென்மேற்கு மூலையில், 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போனால் வால்பாறை. அதை ஒட்டியுள்ள சின்னக்கல்லாறில் வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. இதே மாவட்டத்தின் சமவெளியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஆண்டுச் சராசரி சுமார் 674 மி.மீ.தான். அதுவும் 47 மழை நாட்களில் பெய்துவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவத்தில் வர வேண்டியது. கருமத்தம்பட்டி அங்கிருந்து இன்னும் கிழக்கே, மலையை விட்டு விலகி இருக்கிறது. சின்னக்கல்லாறையும் கருமத்தம்பட்டியையும் ஒரே நிறத்தில் தீட்டும் வரைபடத்தால் யாருக்கு லாபம்?

எல்லைக்கோடு இன்னொரு சிக்கல். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானது. அவிநாசி அதில் சேர்ந்தது. கருமத்தம்பட்டி கோவையிலேயே நின்றது. இரண்டு ஊரும் ஒரே தேசிய நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. மண்ணும் தொழிலும் மழையும் ஒன்றுதான். ஆனால் எச்சரிக்கை வரும்போது ஒரு ஊர் மஞ்சளாகவும் மற்றது ஆரஞ்சாகவும் ஆகலாம்.

மாவட்டத்துக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாதது இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை விடுவது பலமுறை நடந்திருக்கிறது. விடுமுறையைத் தாலுகா பார்த்து விட முடிகிறது. எச்சரிக்கையையும் அப்படியே தரலாமே?

தப்பினால் யாருக்கு நட்டம்?

மழைக்குப் பயந்து குடை எடுத்துப் போய், மழை வரவில்லை என்றால் கையில் சுமை, அவ்வளவுதான். விவசாயிக்கு அப்படி இல்லை. புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரிச் சோளம் விதைப்பவர், ஒரு நல்ல மழையை நம்பி விதைக்கிறார். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 20 மி.மீ. என்றால் 80,000 லிட்டர். கிணறு வற்றிய காட்டில் அந்தத் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்ற முடியாது. மழை விழுந்து, விதை முளைத்து, அடுத்த மூன்று வாரம் காய்ந்துவிட்டால் விதையும் உழவுக்கூலியும் போச்சு. அடுத்த பத்து நாள் வறண்டிருக்குமா என்பது அவருக்கு இன்றைய மழையைவிட முக்கியமான செய்தி.

கிணத்துக்கடவு, தொண்டாமுத்தூர் பக்கம் சின்ன வெங்காயம் அறுத்தவர்களுக்கு எதிர்க் கவலை. காயாத வெங்காயத்தைப் பட்டறை போட்டால் அழுகும். அவர்களுக்குத் தேவை தொடர்ந்து நான்கு நாள் வெயில்.

கருமத்தம்பட்டி, சோமனூர் பகுதியின் உயிர்நாடி விசைத்தறி. அதுவும் காற்றின் ஈரத்தை நம்பித்தான் ஓடுகிறது. காற்று வறண்டால் பருத்திப் பாவு நூல் அடிக்கடி அறுபடும். ஈரம் மிகுந்தால் சைசிங்கில் கஞ்சி போட்ட நூல் பிசுபிசுத்து ஒட்டும். இடி மழையில் கரன்ட் போனால் தறியே நின்றுவிடும். கூலிக்கு நெய்பவருக்கு, தறி நின்ற நேரத்துக்குக் காசு கிடையாது.

அவிநாசி சாலை வழியாகக் கோவைக்குப் போய் வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரமும் இடி மழை நேரமும் ஒன்று. ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும். ‘இன்று மழை’ என்பதைவிட ‘மாலை 5 மணிக்கு மேல் நகருக்குள் மழை’ என்பதுதான் இவர்களுக்கு உதவும்.

உயிர் சம்பந்தப்பட்ட உதாரணமும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, கனமழையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். சுவரின் கதை வேறு. ஆனால், மாவட்டத்தின் எந்தப் பகுதி இன்றிரவு ஆபத்தில் இருக்கிறது என்பது அங்கே தூங்குகிறவர்களுக்குத் தெரிவது எவ்வளவு அவசியம் என்பதை அந்த இரவு காட்டியது.

தகவல் இருக்கு, திரைக்கு வரலை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் இருப்பது கோவையில்தான். மாநிலத்தின் 385 வட்டாரங்களில் தானியங்கி வானிலை நிலையங்கள் அமைத்து, வட்டார வாரியாக முன்னறிவிப்பு கொடுக்கும் வேலையை அது பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கோவை மாவட்டத்தில் மட்டும் 12 வட்டாரங்கள். சூலூர் அதில் ஒன்று.

மத்திய அரசும் கீழே இறங்கி வருகிறது. ஊராட்சி அளவில் ஐந்து நாள் முன்னறிவிப்பு தரும் திட்டம் 2024 அக்டோபர் 24-ல் தொடங்கியது. 2025 மே மாதம் ‘பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்’ அறிமுகமானது. முன்பு 12 கி.மீ. கட்டங்களாகக் கணக்கிட்ட இடத்தில் இப்போது 6 கி.மீ. கட்டம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. கருமத்தம்பட்டி 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாகத் தரம் உயர்ந்த ஊர். ஊராட்சிகளுக்கான திட்டத்தில் இப்படிப்பட்ட ஊர்களுக்கு இடம் எங்கே? பாதி நகரம், பாதி காடு, நடுவே தறி என்று வாழும் கொங்கு நாட்டு ஊர்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான்.

இன்னொரு பக்கம், இருந்த வசதியும் குறைந்தது. வட்டார அளவில் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லிவந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024 மார்ச்சில் நாடு முழுக்க மூடப்பட்டன. கணினி நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை ‘இந்த வாரம் விதைக்காதீங்க’ என்று உள்ளூர்ப் பாஷையில் சொல்ல வேண்டிய ஆளைத்தான் குறைத்திருக்கிறார்கள்.

சின்ன இடத்துக்குச் சொன்னால் தப்பு அதிகமாகாதா?

நியாயமான கேள்வி. சில கிலோமீட்டர் அகல இடிமேகம் நாளை எந்தத் தெருவில் கொட்டும் என்று எந்தக் கணினியாலும் இன்றே சொல்ல முடியாது. ‘சூலூரில் மழை’ என்று அறிவித்து அன்னூரில் பெய்தால், இரண்டாவது தடவை யாரும் நம்பமாட்டார்கள். பெரிய வட்டமாகப் போட்டுவிட்டால் தப்பாகாது என்று வானிலையாளர்கள் எச்சரிக்கையாக இருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால், நிச்சயம் இல்லாததை மறைக்காமல் அப்படியே சொல்ல வழி உண்டு. ‘சூலூர் வட்டாரத்தில் 10-க்கு 3 வாய்ப்பு, வால்பாறையில் 10-க்கு 8’ என்று சொன்னால் பொய்யும் இல்லை, ஒரே வரியில் இரண்டு ஊரையும் கட்டுவதும் இல்லை. முந்தைய நாள் வாய்ப்பு விகிதம், மழை நெருங்கும்போது மூன்று மணி நேர எச்சரிக்கை என்று இரண்டடுக்காகக் கொடுக்கலாம். மூன்று மணி நேர எச்சரிக்கை இப்போதும் வருகிறது. அதிலும் மாவட்டப் பெயர்தான் இருக்கிறது. மேகம் ரேடாரில் தெரிந்த பிறகும் ‘கோவை மாவட்டம்’ என்றே சொல்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

ஊர் அளவில் சொல்ல முடியும் என்பதற்கு உதாரணம் போனிலேயே இருக்கிறது. மின்னல் எச்சரிக்கைக்கான ‘தாமினி’ ஆப், நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் இருக்கிறதா என்று காட்டுகிறது. அதில் மாவட்ட எல்லைக்கு வேலையே இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், மாவட்ட எச்சரிக்கை வரும்போதே எந்த வட்டாரங்களுக்கு அது அதிகம் பொருந்தும் என்று பெயர் சொல்ல வேண்டும். 12 பெயர்தான். ஒரு போன் திரையில் அடங்கிவிடும்.

அடுத்து, நேரம். இந்தப் பருவத்தில் ‘இன்று’ என்ற சொல் போதாது. பிற்பகலா, இரவா, அதிகாலையா என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நேற்று சொன்னது எவ்வளவு பலித்தது என்பதை வட்டார வாரியாக மறுநாள் வெளியிட வேண்டும். எந்த ஊருக்குக் கணிப்பு நன்றாக வருகிறது, எந்த ஊருக்குத் தடுமாறுகிறது என்று தெரிந்தால், மக்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

செய்தித் தளங்கள் தலைப்பிலேயே ‘ஓரிரு இடங்களில்’ என்பதைச் சேர்க்கலாம். கிளிக் கொஞ்சம் குறையும், நம்பிக்கை மிஞ்சும்.

அதுவரை கருமத்தம்பட்டிக்காரர்கள் செய்யக்கூடியது: மாவட்டத் தலைப்போடு நிற்காமல் சூலூர் வட்டார முன்னறிவிப்பைத் தேடிப் பார்ப்பது, மதியம் 3 மணிக்கு ரேடார் படத்தை ஒருமுறை திறப்பது, இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போவது. மானாவாரியில் விதைப்பவர்கள் ஒரு நாள் மழையை நம்பாமல், அடுத்த பத்து நாள் கணிப்பையும் கேட்டுவிட்டு விதைப்பெட்டியை எடுப்பது.

வருடத்தில் 47 மழை நாட்களை வைத்துப் பிழைக்கிற பூமி இது. அதில் பாதி, வரப்போகும் வாரங்களில் இருக்கிறது. ‘கோவை மாவட்டத்தில் மழை’ என்றால் குடை எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி விதையை மண்ணில் போட முடியாது. விதைக்கிறவருக்கும் பதில் சொல்லும் முன்னறிவிப்புதான் இந்த ஊருக்கு வேண்டும்.